போர்தோவா, பர்கண்டியா? கையில் ஒரு வாரம் இருந்தால்

பிரான்சின் இரண்டு பெரிய ஒயின் வட்டாரங்களையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடத் திட்டம் போடாதீர்கள். மேற்கே கடலுக்குப் பக்கத்தில் போர்தோ, கிழக்கே பர்கண்டி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பாரிஸ் வழியாகத்தான் ரயில் பிடிக்க வேண்டும். அங்கே நிலையமும் மாற வேண்டும். பெட்டிகளோடு ஒரு பகல் அதிலேயே போய்விடும்.

எந்த ஒயின் உசத்தி என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். கூட வருபவர்களில் குடிக்காமல் கார் ஓட்ட ஒருவர் இருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். அங்கே ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் சேர்ந்தாலே குற்றம். புதிதாக உரிமம் எடுத்தவருக்கு வரம்பு 0.2 தான். ருசி பார்க்கப் போகும் ஓர் இடத்தில் ஆறு ஒயின், தலா 40 மில்லி என்றால் 240 மில்லி ஆகிறது. ஒரு நாளில் இரண்டு இடம் போனால் அரை பாட்டிலுக்கு மேல் உள்ளே போயிருக்கும். அதனால்தான் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைக்கிறார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள், தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் ருசி பார்க்கிறார்கள்.

கார் இல்லை, குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் போர்தோ. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நகரத்திலேயே தங்கலாம். 2016-இல் திறந்த ஒயின் அருங்காட்சியகத்துக்கு டிராமிலேயே போய்விடலாம். ஒரு நாள் சாந்த் எமிலியோன் என்ற பழைய ஒயின் ஊருக்கு ரயிலேறுங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நிலையம் ஊருக்குள் இல்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே பாறையைக் குடைந்து கட்டிய நிலத்தடித் தேவாலயத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். ஊருக்குள் போனதும் முதலில் அந்தச் சீட்டை வாங்கிவிடுங்கள். இன்னொரு நாள் ஆர்க்காஷோன் கடற்கரையும் நூறு மீட்டர் உயர மணல்மேடும் குழந்தைகளுக்கு. ஒயின் தயாரிக்கும் புகழ்பெற்ற மாளிகைகள் வரிசையாக நிற்கும் மெதோக் பக்கம் மட்டும் கார் இல்லாமல் சிரமம். ரயில் உண்டு, ஆனால் இறங்கும் இடத்துக்கும் மாளிகைக்கும் நடுவே தூரம் அதிகம். அதற்கு நகரத்திலிருந்து புறப்படும் அரை நாள் வேன் சுற்றுலாவே மேல்.

நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் பிடிக்கும், ஒயினைப் பற்றியும் கொஞ்சம் தெரியும் என்றால் தயங்காமல் பர்கண்டிக்குப் போங்கள். பாரிஸிலிருந்து டிஜோனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து போன் (Beaune) நகரம் அரை மணிக்குள். போன் நகரிலிருந்து தெற்கே சாந்தனே வரை தோட்டங்களுக்குள்ளேயே சைக்கிள் பாதை ஓடுகிறது, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ என்று பாட்டில் மேல் படித்த பெயர்களெல்லாம் வழியில் ஊர்ப் பலகைகளாக வரும். சிறு ஏற்றங்கள் உண்டு. மின்சார சைக்கிள் எடுத்தால் மாலையில் கால் வலிக்காது.

இரண்டு இடத்திலும் பார்க்கக் கிடைப்பதே வேறு. மெதோக்கில் 1855-இல் போட்ட பட்டியல் மாளிகைகளைத் தரம் பிரித்தது. பர்கண்டியில் தரம் நிலத்துக்கு. போர்தோவில் பல திராட்சைகளைக் கலக்கிறார்கள்: மெர்லோ முன்னால் பழுக்கும், கபர்னே சோவிஞோன் பின்னால். மழையோ பனியோ ஒன்றைக் கெடுத்தால் மற்றது காப்பாற்றும். பர்கண்டியின் நல்ல சிவப்பு ஒயினில் பெரும்பாலும் பினோ நுவார் என்ற ஒரே திராட்சைதான். அதனால் மண்ணின் வித்தியாசம் நாக்கில் நேராகத் தெரியும். குளோ த வூஜோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் சுமார் ஐம்பது ஹெக்டேர், உரிமையாளர்களோ ஏறத்தாழ எண்பது பேர். மேட்டுப் பகுதியில் தண்ணீர் வடியும். கீழே சாலையோரம் ஈரம் தங்கும். இரண்டு பாட்டிலிலும் பெயர் ஒன்றே, விலையும் ருசியும் ஒன்றல்ல. ஆகவே தோட்டத்தின் பெயரோடு தயாரிப்பாளரின் பெயரையும் பார்த்தே வாங்குங்கள். இதை நேரில் புரிந்துகொள்ள ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின் கிராம ஒயினையும் (ஊர்ப் பெயரில் வருவது) அதைவிட உயர்ந்த தரமான பிரெமியே குரூவையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். இப்படி ருசி பார்ப்பதற்காகவே பர்கண்டிக்குப் போகலாம்.

மே, ஜூன் இரண்டுக்கும் ஏற்ற மாதங்கள். ஆகஸ்டில் சிறு தயாரிப்பாளர்கள் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள். செப்டம்பரில் அறுவடை, பார்க்க அழகு, ஆனால் உங்களோடு பேச ஆள் இருக்காது. ஏப்ரலில் போர்தோ மாளிகைகள் வியாபாரிகளுக்குப் புது ஒயினை ருசி காட்டுவதில் மூழ்கியிருக்கும். நவம்பர் மூன்றாம் ஞாயிறு போன் நகரில் ஒயின் ஏலம். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம்.

ருசி பார்க்கப் போகும் இடத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை பேர், என்ன மொழி, எந்த நேரம் என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்: காலை பத்தரைக்கு ஒன்று, மதியம் மூன்றுக்கு ஒன்று. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். பர்கண்டியில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் தயாரிப்பாளரேதான். தோட்டத்து வேலையை நிறுத்திவிட்டு வருகிறவரைக் காக்க வைப்பது சரியல்ல. காசு வாங்காமல் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு பாட்டிலாவது வாங்குவதுதான் மரியாதை. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், ஒயினின் வாசனை அடிபடும். நிலவறையில் கோடையிலும் குளிரும். சால்வை எடுத்துப் போங்கள்.

சைவர்களுக்குப் பர்கண்டிச் சமையல் கொஞ்சம் கஷ்டம். சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டை என்று பட்டியலில் இருந்தாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் கூஜேர் என்ற சீஸ் உருண்டையை நம்பிக் கேட்கலாம்.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் தலைக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு எடுத்தால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து, செக்-இன் பெட்டியாக ஒப்படையுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையிலேயே வாங்கிக்கொள்வார்கள்.