கடைசிச் சொல்லில் மாட்டிய ரிகர்ஷன்

பைத்தான் நிரல்மொழியில் ‘நாளை மழை வரும்’ என்பதை ‘வரும் மழை நாளை’ ஆக்க ஒரு ரிகர்ஷன் ஃபங்ஷன் எழுதினேன்; அதாவது முதல் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, மீதி வாக்கியத்தைக் கொடுத்துத் தன்னையே திரும்ப அழைக்கும் நிரல் துண்டு. ஓட்டினால், தன்னையே அழைப்பது அளவு மீறிவிட்டது என்று ரிகர்ஷன் எரர். இத்தனைக்கும் காலி வாக்கியம் வந்தால் நிறுத்தச் சொல்லியிருந்தேன். அடுக்கடுக்காக எத்தனை அழைப்பு போகலாம் என்று 1000 ஆக இருந்த ஆழ வரம்பை 5000 ஆக்கினேன், அதே எரர். மூன்று நாள் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், கடைசியில் தவறுதலாக ஒரு ஸ்பேஸ் விழுந்த வாக்கியம் மட்டும் ஒழுங்காகத் திரும்பியது. அங்கேதான் பிடி கிடைத்தது. ஸ்பேஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிச் சொல்வது ஃபைண்ட். ஸ்பேஸே இல்லாத கடைசிச் சொல்லில் அது தருவது -1, அதாவது ‘கிடைக்கவில்லை’. அதற்கு அடுத்த இடம் 0, அதாவது சொல்லின் தொடக்கம். அங்கிருந்து மீதியை வெட்டினால் ‘வரும்’ முழுசாகத் திரும்பவும் உள்ளே போகிறது. பிறகு எப்போது காலியாகும்?

-1 வந்தால் அந்தச் சொல்லையே திருப்பிக் கொடு என்று ஒரு வரி சேர்த்தேன், ஓடியது. வரம்பையும் பழையபடி 1000-க்கே இறக்கிவிட்டேன். அப்பாடா.