கோலி சோடாவில் எரிபொருள்: முதல் பரிசோதனை

கரியமில வாயுவுக்குச் சேலத்தில் பஞ்சமே இல்லை. மேக்னசைட் வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால், அதன் எடையில் பாதிக்கு மேல் அந்த வாயுவாகவே போய்விடும். அந்த வாயுவை மின்சாரத்தால் எரிபொருளாக்க முடியுமா என்று பார்க்கப்போகும் நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு கோலி சோடா போதும். பன்னீர் சோடா வாங்கிவிடாதீர்கள்.

முதலில் சோடாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கலக்குங்கள். சாப்பாட்டு உப்பு போடவே கூடாது, குளோரின் வரும். கலந்ததும் பொங்கும். அது அடங்கட்டும். நான் முதல்முறை அவசரப்பட்டு உடனே சோதனைக்குழாயைக் கவிழ்த்தேன். மளமளவென்று நிறைந்தது. ஆசையாகத் தீக்குச்சியைக் காட்டினால், குச்சிதான் அணைந்தது! சேர்ந்திருந்ததெல்லாம் சோடாவிலிருந்து வெளியேறிய கரியமில வாயு.

அப்புறம், வீட்டு வயரின் மேலுறையைச் சீவிய செம்புக் கம்பியை 9 வோல்ட் பேட்டரியின் மைனஸ் முனையில் இணையுங்கள். இரு பக்கமும் சீவிய பென்சில் பிளஸ் முனைக்கு. மாற்றி இணைத்தால் செம்பு கரைந்து தண்ணீர் பச்சை தட்டும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சின்னச் சோதனைக்குழாயை அதே கரைசலால் நிரப்பி, டம்ளருக்குள் கவிழ்த்து, செம்பு முனையை மட்டும் அதன் வாய்க்குள் விடுங்கள். பென்சில் வெளியே இருக்கட்டும். அங்கே வருவது ஆக்சிஜன். அதுவும் செம்பு முனையில் வரும் வாயுவும் ஒரே குழாயில் சேர்ந்தால் ஆபத்து. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். பாட்டில், பலூன் என்று பெரிதாகச் சேர்க்க வேண்டாம்.

அரை மணி நேரமோ கூடவோ ஆகலாம். குழாய் நிறைந்ததும் பேட்டரியைக் கழற்றி, வாயைக் கட்டைவிரலால் மூடி, கவிழ்த்தபடியே எடுத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். "டப்!"

சரி, இது கரியமில வாயுவிலிருந்து வந்த எரிபொருளா? அநேகமாக எல்லாமே தண்ணீர் பிரிந்து வந்த ஹைட்ரஜன். செம்பு முனையில் கரியமில வாயு மீத்தேனாகவும் எத்திலீனாகவும் மாறுவதை ஜப்பானின் யோஷியோ ஹோரி குழு 1980-களில் காட்டியது உண்மைதான். ஆனால் நம் கம்பியில் அது உண்டானாலும், தீக்குச்சியால் பிரித்தறிய முடியாது. தண்ணீரில் மூலிகையைப் போட்டால் பெட்ரோல் வரும் என்ற மோசடியை 1996-இல் நம்பிய ஊர் நம்முடையது, அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரிபொருளாக்க, எரித்தால் கிடைப்பதைவிட அதிக ஆற்றலைச் செலவழிக்க வேண்டும்.

ஏற்காட்டில் நண்பர் வீட்டு முற்றத்தில், பேட்டரிக்குப் பதில் சின்ன சோலார் பலகையை மாட்டிப் பார்த்தோம். பனிமூட்டம் இறங்கியதும் குமிழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. வெயில் வந்ததும் மறுபடி கிளம்பின.