ஆஸ்பத்திரித் துணைக்கு ஆள் கேட்பது எப்படி

யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் விடிவதற்கு முன்பே கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியில் ஆட்களை இறக்கிவிடும். அவர்களில் யாராவது ஒருவர் கையில் கட்டாயம் ஒரு கிளினிக் கொப்பியும் ஸ்கான் ரிப்போர்ட் உறையும் இருக்கும். அங்கிருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ பொரளையில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கோ போய் நம்பர் எடுக்க வேண்டும், சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும், அடுத்த திகதி வாங்க வேண்டும், டொக்டர் சொல்வதை விளங்கிக்கொள்ள வேண்டும். சிங்களம் தெரியாத குடும்பத்துக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு மலை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. எழுதியபடி நடக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக் காலை கிளினிக்குக்கு, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

அப்படியான ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடுவதுதான் நான் செய்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் உளவியல் டிப்ளோமா ஒன்று படித்தேன். அன்றைக்குப் பரீட்சைக்காகப் பாடமாக்கிய ஆராய்ச்சிகள் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உண்மையாக உதவுகின்றன. உங்கள் ஊர்ச் சங்கத்திலோ கோவிலிலோ இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கொழும்பில ஆக்களுக்கு இரக்கம் இல்லை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இரக்கம் நிறைய இருக்கிறது. நாம் கேட்கிற விதம்தான் அதற்கு வழிவிடுவதில்லை.

குரூப்பில் பொதுவாகப் போடாதீர்கள்

"நாளைக்கு மஹரகம கிளினிக்குக்கு யாராவது போக ஏலுமா?" என்று பெரிய வட்ஸ்அப் குரூப் ஒன்றில் போட்டுப் பாருங்கள். கும்பிடுகிற கை வரும், அழுகிற முகம் வரும், "கடவுள் துணை இருப்பார்" வரும். ஆள் வராது. இரவு பத்து மணிக்குப் பிறகு கேட்டவருக்கே மனம் வெறுத்துப் போகும்.

1968இல் ஜோன் டார்லி, பிப் லட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயோர்க்கில் இதையே பரிசோதித்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, இன்டர்கொம் வழியாகக் கதைக்க வைத்தார்கள். இடையில் ஒருவருக்கு வலிப்பு வருகிற சத்தம் கேட்கும். அது முன்னரே பதிவு செய்த குரல், ஆனால் கேட்கிற மாணவருக்கு அது தெரியாது. இதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 வீதமானோர் வலிப்பு முடிவதற்குள் வெளியே ஓடிவந்து அறிவித்தார்கள். இன்னும் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 வீதமானோர்தான் வந்தார்கள்.

பாடப் புத்தகங்கள் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. வெளியே வராமல் இருந்தவர்களிடம் ஆய்வாளர்கள் போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. போவதா விடுவதா, வேறு யாராவது போயிருப்பார்களா என்ற இழுபறியில் மாட்டிக்கொண்டவர்கள். உங்கள் குரூப்பில் அழுகிற முகம் போட்டவரும் அப்படித்தான். அந்த முகம் பொய் இல்லை. அவரை மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் வந்திருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் வீதிக் கமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆராய்ந்த ஒரு குழு, பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டு உதவியதாக 2019இல் எழுதியது. ஆள் கூடக் கூட யாராவது ஒருவர் உதவும் வாய்ப்பும் கூடியது. அதாவது கண்ணுக்கு முன்னால் நடந்தால் சனம் சும்மா நிற்காது. காலி வீதியில் யாராவது மயங்கி விழுந்தால் தண்ணீர் போத்தலோடு எத்தனை பேர் ஓடிவருவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஃபோன் திரையில் வருகிற செய்திக்கு அந்தச் சக்தி கிடையாது. அங்கே மயங்கி விழுந்தவரும் தெரியாது, யார் எழுந்து போனார் என்பதும் தெரியாது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒருவரைக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். அவர் மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள். ஒரே செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு யார் முதலில் பதில் போடுவார் என்று பார்த்திருப்பதும் குரூப்பில் போடுவதும் ஒன்றுதான். இரண்டு பேர் சம்மதித்து வந்து ஒருவர் வீணாகத் திரும்பிப் போனால், அவரை இனிக் கேட்கவும் முகம் இருக்காது.

என்ன எழுதுவது

நாள், நேரம், இடம், செய்யவேண்டிய அலுவல், எத்தனை மணிக்கு முடியும் என்பது. இவ்வளவும் இருக்க வேண்டும். "ஒரு சின்ன உதவி" என்று மொட்டையாகத் தொடங்கினால், அது எவ்வளவு பெரிதாக இருக்குமோ என்று பயந்தே பலர் பதில் போடமாட்டார்கள். நான் அனுப்புகிற மாதிரி இது:

"அக்கா, வியாழன் காலமை 6.30க்கு மஹரகம ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அம்மாவும் மகனும் நிப்பினம். கிளிநொச்சியில இருந்து வருகினம், சிங்களம் தெரியாது. நம்பர் எடுத்து, டொக்டரைக் காட்டி, மருந்து எடுக்கும் வரைக்கும் கூட நிக்க வேணும். அநேகமா 12 மணிக்குள்ள முடியும். உங்களுக்கு ஏலுமே? ஏலாட்டிப் பரவாயில்லை, நான் வேற ஆளைக் கேக்கிறன்."

கடைசி வரியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மறுப்பதற்கு இடம் கொடுத்தால் எல்லாரும் மறுத்துவிடுவார்கள் என்று எங்கள் குழுவிலேயே சிலர் வாதாடினார்கள். ஆராய்ச்சி எதிர்மாறாகச் சொல்கிறது. "விருப்பம் உங்களுடையது" என்ற கருத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் சம்மதிப்பவர்கள் கூடுகிறார்கள் என்பதை, 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து கிறிஸ்தோபர் கார்பென்டர் 2013இல் எழுதினார். நெருக்கிக் கேட்டு வருகிறவர் ஒருமுறை வருவார். தானாகச் சம்மதித்தவர்தான் மறுபடியும் வருவார்.

நோயாளியின் படத்தை அனுப்பி மனதை உருக்கப் பார்க்காதீர்கள். எண்ணிக்கையைச் சொல்வதைவிட ஒருவருடைய கதையைச் சொன்னால் அதிகம் கொடுக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் கண்டதுதான். அதற்காகத் தலைமுடி கொட்டிப்போன பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. "கிளிநொச்சியில இருந்து ஒரு அம்மாவும் மகனும்" என்ற அளவே போதும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள்

எங்கள் ஆட்களுக்கு இது பெரிய தடை. "அவையளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்றே அரைவாசிப் பேரைக் கேட்காமல் விட்டுவிடுவோம். பிரான்சிஸ் ஃபிளின், வனெஸா லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கப் போகிறவர்களிடம் "எத்தனை பேரைக் கேட்டால் வேண்டிய ஆள் கிடைக்கும்?" என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். சில பரிசோதனைகளில், அவர்கள் நினைத்ததில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கேட்டதுமே காரியம் முடிந்துவிட்டது. முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்கும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்கிறவருக்குத் தெரிவதில்லை.

முகத்தைப் பார்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், அதே கோரிக்கையை மின்னஞ்சலில் கேட்டதைவிட நேரில் கேட்டபோது 34 மடங்கு பலன் கிடைத்தது. ஆகவே புதிய ஆட்களை நான் நேரில்தான் கேட்பேன். வெள்ளிக்கிழமை கோவில் வீதியில், பிள்ளைகளை டியூஷனுக்கு விட்டுவிட்டு வாசலில் நிற்கிற தாய்மாரிடம், மீன் கடையில். ஒருமுறை வந்தவர்களுக்குத்தான் ஃபோனில் செய்தி.

நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். 1973இல் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை வைத்து டார்லியும் டானியல் பேட்சனும் செய்த ஆய்வு இதற்குப் பாடம். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு குனிந்து கிடப்பார். அவசரமில்லாமல் போன மாணவர்களில் 63 வீதமானோர் நின்று உதவினார்கள். நேரம் பிந்திவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 வீதம்தான். அவர்களில் சிலர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசுவதற்காகவே போய்க்கொண்டிருந்தவர்கள். ஒருவருடைய குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அவருக்கு நேரம் இருந்ததா என்று பாருங்கள். மாதக் கடைசியில் பாங்கில் வேலை செய்பவரைக் கேட்கக் கூடாது, தவணைப் பரீட்சைக்குள் ஆசிரியரைக் கேட்கக் கூடாது. நாலைந்து நாள் முந்தியே கேளுங்கள்.

கூட நிற்கப் போகிறவருக்கு

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆளைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முதல் தடவை சிறுவர் வாட்டுக்குள் போகிறவர் என்ன ஆவார் என்று யோசிப்பதில்லை.

ஒரு கம்பஸ் பிள்ளையை அனுப்பியிருந்தேன். நல்ல பிள்ளை, சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நாலு வயதுக் குழந்தையின் கையில் மருந்து ஏற்றக் குத்திய கனூலாவைக் கண்டதும் கண் கலங்கி, "ரீ ஒண்டு வாங்கிட்டு வாறன்" என்று வெளியே போனவள் நெடுநேரம் வரவில்லை. அவளுக்கு அன்பு குறைவா? இல்லவே இல்லை. பேட்சன் தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இந்த வித்தியாசத்தைத்தான். மற்றவரின் துன்பத்தைக் காணும்போது நமக்குள் இரண்டு விதமான உணர்ச்சி எழும். ஒன்று, அவருக்காக உருகுவது. மற்றது, காண முடியாமல் நாமே தவிப்பது. தவிப்பு வந்தால் அதைத் தணிக்க உதவி செய்வதும் ஒரு வழி, அந்த இடத்தை விட்டுப் போவதும் ஒரு வழி.

1981இல் அவர் செய்த சின்ன ஆய்வு ஒன்றில், ஒரு பெண் மின்அதிர்ச்சி வாங்குவதாக நம்பவைத்து, "அவளுக்குப் பதிலாக நீங்கள் வாங்குவீர்களா?" என்று கேட்டார்கள். பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று இருந்தபோது, அவளோடு மனம் ஒட்டாதவர்களில் 18 வீதமானோர்தான் சம்மதித்தார்கள். அவளைத் தங்களைப் போன்றவளாக உணர்ந்தவர்களில் 91 வீதமானோர், போக வழியிருந்தும் சம்மதித்தார்கள். பிறகு 1997இல் அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள். "எனக்கு இப்படி வந்தால் எப்படி இருக்கும்" என்று நினைத்துக் கேட்டவர்களுக்கு உருக்கத்தோடு தவிப்பும் சேர்ந்து வந்தது. "அவருக்கு எப்படி இருக்கும்" என்று நினைத்துக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் உருக்கம்தான் வந்தது.

ஆகவே புதியவர்களை அனுப்பும்போது நான் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புவேன். "அந்த அம்மாவுக்கு இப்ப என்ன தேவை எண்டு மட்டும் பாருங்கோ." அப்படிப் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும் தெரியுமா? அந்த அம்மா விடியப்பறம் வந்து இருந்த வாங்கை விட்டு எழும்பவே இல்லை என்பது தெரியும். பாத்ரூம் போகவில்லை, கொண்டுவந்த இடியப்பப் பார்சலைப் பிரிக்கவில்லை. காரணம், நேர்ஸ் மிஸ் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவா. சிங்கள வாயில் அந்தப் பெயர் வேறு மாதிரி வரும். தனக்குப் பிடிபடாமல் போய் நம்பர் தப்பிவிடுமோ என்ற பயம். "நான் காது குடுத்துக்கொண்டு நிக்கிறன், நீங்க போயிட்டு வாங்கோ அம்மா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் கூட நிற்பவருக்குக் கையில் ஒரு வேலை வந்துவிடும். அழுகை தானாக நிற்கும். அந்தக் கம்பஸ் பிள்ளை இப்போது எங்களுடைய சிறந்த ஆட்களில் ஒருத்தி.

மொழிபெயர்க்கும்போது டொக்டர் சொல்வது முழுவதையும் சொல்லுங்கள், நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். நோயாளியின் வீட்டார் "சரி, சரி" என்று தலையாட்டினால், "எத்தனை தரம் குடுக்கச் சொன்னவர், சொல்லுங்கோ பாப்பம்" என்று திருப்பிக் கேளுங்கள். வருத்தத்தின் பெயரை முதலில் சொல்லவேண்டியது டொக்டர், நீங்கள் அல்ல.

நன்றி

அன்றே சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தங்கியிருந்த பதின்வயதுப் பிள்ளைகளை அவர்களுக்குப் பொறுப்பான அலுவலர்கள் வந்து பார்த்துப் போன பின் நன்றிக் கடிதம் அனுப்பிப் பார்த்த ஆய்வொன்று 1988இல் வந்தது. அதற்கு முன் வாரத்துக்கு 43 வீதமான பிள்ளைகளையே பார்க்க வந்தவர்கள், கடிதம் போன காலத்தில் 80 வீதமான பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள். கடிதத்தை நிறுத்தியதும் வருகை பழையபடி குறைந்துவிட்டது. "மிக்க நன்றி அக்கா" என்பதைவிட "நீங்க நிண்டபடியா அந்த அம்மா காலமைச் சாப்பாடு சாப்பிட்டவ" என்பது ஆளின் மனதில் நிற்கும். ஃபேஸ்புக்கில் படம் போட்டு நன்றி சொல்ல வேண்டாம், அந்தப் படத்தில் நோயாளியும் இருப்பார்.

முதல் நாள் இரவு இரண்டு பக்கத்துக்கும் ஒரு கோல் எடுங்கள். இரு பகுதியின் சம்மதத்தோடு இலக்கங்களை மாற்றிக் கொடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து மஹரகமவுக்குப் போகிறவர்களிடம் டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை வழியாக ஹைலெவல் வீதிக்குப் போய் 138 பஸ் எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டோக் காசு மிஞ்சும். போய்வந்தவரின் பெயருக்கு நேரே கொப்பியில் திகதியைக் குறித்துவையுங்கள். அவராகக் கேட்டாலொழிய ஒரு மாதத்துக்கு அவரை மறுபடி கேட்காதீர்கள்.