தூரத்தில் இருக்கும் குழுவோடு வேலை செய்ய: எதை முதலில் அமைப்பது?

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குழு என்றதும் பலரும் முதலில் தேடுவது வீடியோ அழைப்புச் செயலியை. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் வேலை செய்கிறார். அவர் எழுந்து வந்ததும், யாரையும் எழுப்பிக் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 1: நேரம்

கணினியில் கூகுள் கேலண்டரைத் திறந்து, செட்டிங்ஸில் ‘டைம் ஸோன்’ பகுதிக்குப் போங்கள். இரண்டாவது நேர மண்டலத்தைக் காட்டும் பெட்டியை டிக் செய்து, சகபணியாளரின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தை ‘நாளை 8 மணிக்கு’ என்று செய்தியில் சொல்லாமல் கேலண்டர் அழைப்பாகவே அனுப்புங்கள். அவரவர் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டும். மார்ச் மாதத்தில் இது ரொம்பவே முக்கியம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும்.

படி 2: எல்லோருக்கும் ஒரே ஆவணம்

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். கூகுள் டாக்ஸில் புதிய ஆவணம் தொடங்கி நான்கு தலைப்புகள் போடுங்கள்: என்ன செய்கிறோம், யார் எதற்குப் பொறுப்பு, எடுத்த முடிவுகள், இன்னும் முடிவாகாத கேள்விகள். ஒவ்வொரு முடிவுக்குப் பக்கத்திலும் தேதியும் காரணமும் இருக்கட்டும். காரணம் இல்லாவிட்டால் அதே விவாதம் அடுத்த மாதம் மறுபடி வரும்.

‘ஷேர்’ பொத்தானை அழுத்தி அவரவர் மின்னஞ்சலைச் சேருங்கள். பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என மூன்று வகை அனுமதி உண்டு. குழுவுக்குத் திருத்தும் அனுமதி கொடுங்கள்; வெளியாருக்குக் கருத்துச் சொல்லும் அனுமதி போதும். ‘லிங்க் உள்ள எவரும்’ என்பது வேண்டாம், அந்த லிங்க் யார் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

அடுத்தவர் எழுதியதில் கைவைக்கத் தயக்கமா? ‘சஜெஸ்டிங்’ முறைக்கு மாறித் திருத்துங்கள். எழுதியவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஒருவரிடம் பதில் வேண்டுமென்றால் கமென்டில் @ குறி போட்டு அவரைச் சேருங்கள். ஏதாவது அழிந்துவிட்டால் பதற வேண்டாம்: ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது, பழைய வடிவத்தை அங்கிருந்து மீட்கலாம்.

படி 3: செய்திப் பரிமாற்றம்

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இரண்டில் ஒன்று போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சேனல், அதாவது தனி உரையாடல் இடம். பதில்கள் அந்தந்தச் செய்தியின் கீழேயே. ‘ஹலோ, இருக்கீங்களா?’ என்று மட்டும் அனுப்பிக் காத்திருந்தால் ‘சொல்லுங்க’ என்ற பதில் வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘முகப்புப் படம் மங்கலாக இருக்கிறது. பெரிய அளவில் இருந்தால் ஆவணத்தில் சேருங்கள். உங்கள் நேரப்படி வியாழன் மாலைக்குள் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் பழைய படத்தையே வைத்துவிடுகிறேன்.’ அந்தக் கடைசி வரி இருப்பதால் பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது.

ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். அதனால் பேசி முடிவானதை அன்றே ஆவணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: வேலைப் பலகை

ட்ரெல்லோ என்ற வேலைப் பலகைச் செயலியில் மூன்று பத்திகள்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலையும் ஒரு அட்டை. ஒரு அட்டைக்கு ஒரே பொறுப்பாளர், ஒரு தேதி.

படி 5: வீடியோ அழைப்பு

எழுத்தில் தீராத விஷயத்துக்கு மட்டும் கூடுங்கள். இலவசக் கணக்கில் ஸூம் 40 நிமிடம் தரும். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் கூகுள் மீட் 60 நிமிடம். பேசவேண்டியதை முன்பே ஆவணத்தில் எழுதி, பேசும்போதே ஒருவர் முடிவுகளைக் குறிக்கட்டும். அகாலத்தில் விழித்திருக்கும் சிரமம் ஒரே ஆளுக்கு வராதபடி கூட்ட நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

அப்புறம், எல்லாக் கணக்குகளிலும் இரண்டு படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) இயக்குங்கள். யாராவது குழுவை விட்டு விலகினால் ஆவணம், செய்தி, பலகை மூன்றிலும் அவருடைய அனுமதியை அன்றே நீக்கிவிடுங்கள்.