காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லும் முன்: விலங்குகளுக்கு உதவப் போய் நாம் விடும் தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மாமரமும் தென்னையும் மிச்சமிருக்கிற ஒழுங்கைகளில், மழைக்காற்று அடித்தால் அணில் குஞ்சு விழும். கண் திறக்காத குஞ்சைப் பார்த்தவுடன் வீட்டில் எல்லோருக்கும் வருவது ஒரே யோசனை: பால் கொடு. பசும்பாலை இளஞ்சூடாக்கி, சிரிஞ்சில் எடுத்து, குஞ்சை மல்லாத்திப் பிடித்து வாய்க்குள் விடுவார்கள். இதில் மூன்று பிழைகள் ஒன்றாக நடக்கின்றன. குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது, முதலில் உடம்பு சூடேற வேண்டும். பசும்பால் ஒத்துவராமல் வயிற்றோட்டம் பிடிக்கும். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கும், அப்புறம் நியூமோனியாதான்.

சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, அதன் பக்கத்தில் குஞ்சை விட்டு, விழுந்த மரத்திலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டு விலகிப்போவதுதான் நல்லது. தாய் அணில் பல நேரம் வந்து கவ்விக்கொண்டு போகும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது ஊர்க்கதை. பொழுதுபடும் வரை தாய் வரவில்லையென்றால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அதேபோல, இறகு முளைத்து நிலத்தில் தத்தித் தத்தித் திரியும் மைனாக் குஞ்சு விழுந்த குஞ்சு அல்ல. பறக்கப் பழகுகிறது. தாய் தகப்பன் பக்கத்தில்தான் நிற்கும். அதைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது காப்பாற்றுவதல்ல, பிள்ளை பிடிக்கிற வேலை.

இதெல்லாம் வீட்டளவு. இதே பிழை நாட்டளவிலும் நடக்கிறது. செய்த வேலையை எண்ணுகிறோம், அந்த வேலையால் என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை. எத்தனை விலங்கை விட்டோம் என்பது செய்தியாகிறது. விட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்று கேட்க ஆளில்லை.

யானையைப் பாருங்கள். பயிருக்குள் வரும் ஆண் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லொறியில் ஏற்றித் தேசிய பூங்காவில் விடுவது பல காலமாக நடக்கிறது. கொழும்பில் இருந்து தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்கு அது நல்ல முடிவாகத்தான் தெரியும். லொறிக் கதவு திறக்கிறது, யானை காட்டுக்குள் போகிறது, செய்தி முடிகிறது. கதவு திறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை இலங்கையிலேயே ஆராய்ந்தார்கள். 16 இடமாற்றங்களில் யானைகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி கட்டிப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. இரண்டு யானைகள் விட்ட பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாமே பூங்காவை விட்டு வெளியேறின. சில பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்தன, சில நாடோடியாக அலைந்தன, சில புது ஊர்களின் ஓரத்தில் தங்கின. யானை-மனித மோதல் குறையவில்லை. முன்பு இல்லாத இடங்களுக்கும் பரவியது, யானைச் சாவும் கூடியது. கழுத்துப்பட்டி கட்டியிருக்காவிட்டால் அந்த 16உம் வெற்றிக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

பாம்பிலும் இதே கதை. அத்திடியவில் வீட்டுக்குள் புகுந்த சாரையைப் பிடித்துத் தூரக் காட்டில் விடுகிறவர் நல்லதுதான் நினைக்கிறார். வெளிநாட்டில் பாம்புகளுக்குக் கருவி பொருத்திப் பார்த்தபோது, தெரியாத இடத்தில் விடப்பட்டவை மற்றவற்றைவிட அதிகம் அலைந்தன, அதிகம் செத்தன. முடிந்தவரை பிடித்த இடத்துக்குக் கிட்டவே விடச் சொல்லுங்கள். வீட்டு ஓட்டையை அடைப்பது உங்கள் பாடு.

காலி வீதியால் பெந்தோட்டை, கொஸ்கொடைப் பக்கம் ஞாயிறு பயணம் போகிறவர்கள் ஆமைக் குஞ்சு பொரிப்பகங்களில் இறங்காமல் வருவதில்லை. அங்கே தொட்டியில் நீந்தும் குஞ்சைக் கையில் ஏந்திப் படம் எடுப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பொரித்து வந்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கிற மஞ்சள் கருவின் பலத்தில்தான் முதல் ஒன்றிரண்டு நாள் விடாமல் நீந்தி ஆழ்கடலை எட்டுகிறது. அந்தப் பலத்தைத் தொட்டிச் சுவரில் முட்டி முட்டித் தீர்த்துவிட்டுக் கடலில் விட்டால் என்ன பயன்? முட்டையிலும் சிக்கல் இருக்கிறது. மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும், ஏறத்தாழ 29 பாகை செல்சியஸுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். பொரிப்பகத்தில் முட்டைகளை நிழலில்லாத திடலில் புதைத்தால் குஞ்சு நிறையப் பொரிக்கலாம், ஆண் இல்லாமல் போகலாம். வாசல் பலகையில் எழுதியிருக்கும் 'விடுவித்த குஞ்சுகள்' எண்ணிக்கையில் இது எதுவும் தெரியாது. போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: பொரித்து எத்தனை மணித்தியாலத்தில் விடுகிறீர்கள், மணலின் வெப்பம் அளக்கிறீர்களா.

கடைசியாகத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. கம்பிக்குப் பின்னால் ஒரே தடத்தில் போய்த் திரும்பும் சிறுத்தையைப் பார்த்து "நல்ல சுறுசுறுப்பு" என்பார்கள். நின்ற இடத்தில் தலையை ஆட்டும் யானையைப் பார்த்து "ஆடுது" என்று கைதட்டுவார்கள். நோக்கமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த அசைவு, அடைபட்ட விலங்கின் வாழ்க்கையில் ஏதோ குறைகிறது என்பதன் அடையாளம். காட்டில் பெரும் பரப்பில் திரியும் ஊனுண்ணிகளுக்குத்தான் அடைப்பில் இது அதிகம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பராமரிப்பாளரைத் திட்டி முகநூலில் போடுவதும் பிழை. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது பல விலங்குகள் இப்படி நடக்கும், பழைய இடத்தில் பிடித்த பழக்கம் நல்ல கூட்டுக்கு மாறிய பின்னும் தொடரலாம். காலை, மத்தியானம், பின்னேரம் என்று பல நாள் குறித்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும்.

இந்த அசைவைக் குறைக்கக் கூட்டுக்குள் ஒரு பந்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. இரண்டு நாளில் அது அலுத்துவிடும், மூலையில் கிடக்கும். இறைச்சியை ஒரே தட்டில் வைக்காமல் மரக்கட்டை இடுக்கிலும் உயரத்திலும் ஒளித்துவைத்து, இடத்தை அடிக்கடி மாற்றினால் தேடுவதிலேயே நேரம் போகும். மாற்றத்துக்கு முன் எவ்வளவு நேரம் அந்தத் தடத்தில் நடந்தது, பின் எவ்வளவு நேரம் என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் எந்த வித்தை பலித்தது என்று அடுத்த மாதமே தெரிந்துவிடும்.