பிரவுசர் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று தடுத்தால்

எச்சரிக்கைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு பிழைக்குறி இருக்கும். எதையும் தட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள். குக்கீகளை அழிப்பது, பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது எல்லாம் இதற்குப் பெரும்பாலும் வீண் வேலை.

அடுத்து, அதே தளத்தை மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கும் அதே பிழை வந்தால் கோளாறு அநேகமாகத் தளத்தில்தான். அங்கே திறந்தால் உங்கள் கணினியையோ வைஃபையையோ சந்தேகிக்கலாம்.

குறியில் ‘டேட் இன்வேலிட்’ என்று இருந்து, பல தளங்களும் திறக்கவில்லை என்றால் கணினியின் கடிகாரம் தவறு. மணியை மட்டும் பார்க்காமல் ஆண்டையும் நேர மண்டலத்தையும் பாருங்கள்; நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்குங்கள். மின்சாரம் துண்டித்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போனால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 வகைதான். ஒரே தளத்தில் மட்டும் இந்தப் பிழை என்றால் அதன் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் சான்று) காலாவதியாகியிருக்கும்; அதைத் தள உரிமையாளர்தான் புதுப்பிக்க வேண்டும்.

‘அத்தாரிட்டி இன்வேலிட்’ கொஞ்சம் சிக்கலானது. சான்றிதழை வழங்கியவரை பிரவுசர் நம்பவில்லை என்று பொருள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தைத் தட்டிச் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் பெயரைப் பாருங்கள். ஆன்டிவைரஸ் பெயர் இருந்தால், அது இணைப்பை நடுவில் பிரித்துச் சோதிக்கிறது. அதன் அமைப்பில் ‘எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்’கை மட்டும் நிறுத்திப் பாருங்கள், முழு ஆன்டிவைரஸையும் அணைக்கத் தேவையில்லை. அலுவலக நெட்வொர்க் என்றால் ஐடி பிரிவினர் தரும் ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையான மூலச் சான்றிதழ்) வேண்டியிருக்கலாம். முகம் தெரியாத தளம் தரும் ரூட் சான்றிதழை மட்டும் ஒருபோதும் நிறுவாதீர்கள். அதை வைத்திருப்பவர் எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் போட்டுவிட முடியும். பழைய சாதனங்களில் காரணம் வேறு: தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ரூட் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது.

கணினியில் திறந்து மொபைலில் மட்டும் இந்தப் பிழை வருவதும் உண்டு. தளத்தின் சான்றிதழை ரூட் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்பாமல் விட்டிருக்கும். சில பிரவுசர்கள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், சில எடுக்காது. இதுவும் தளத்தின் குறைதான்.

‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் பொருந்தவில்லை. முகவரியின் முன்னால் உள்ள ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’வைச் சேர்த்தோ நீக்கியோ பாருங்கள். பொது வைஃபையில் இது வந்தால், உள்நுழைவுப் பக்கத்தை முடிக்காமல் விட்டிருப்பீர்கள்.

‘வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்’ என்றால் இரு பக்கமும் ஏற்கும் குறியாக்க முறை இல்லை என்று பொருள்; பழைய ரவுட்டர், பிரிண்டர் பக்கங்களில் அதிகம் வரும். இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டையும் முக்கிய பிரவுசர்கள் 2020 முதல் கைவிட்டுவிட்டன. சாதனத்தின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே வழி.

எச்சரிக்கையைத் தாண்டிச் செல்வது சரியா? 192.168.1.1 போன்ற முகவரியில் உங்கள் சொந்த ரவுட்டரைத் திறக்கும்போது சரி. அது தனக்குத்தானே வழங்கிக்கொண்ட சான்றிதழ். வங்கி, மின்னஞ்சல் பக்கங்களில் கூடவே கூடாது. பல தளங்களில் எச்எஸ்டிஎஸ் விதி (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்று தளம் பிரவுசருக்கு இடும் கட்டளை) இருப்பதால், தாண்டிச் செல்லும் இணைப்பையே பிரவுசர் காட்டாது.