கேம் கணக்கு கசிந்தால் முதலில் மாற்ற வேண்டியது

2011 ஏப்ரலில் சோனியின் ஆன்லைன் கேம் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் புகுந்தவர்களிடம் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் சிக்கின: பெயர், முகவரி, பிறந்த தேதி, மெயில், பாஸ்வேர்டு. ஏப்ரல் 20-ல் சேவையை நிறுத்திய நிறுவனம், திருட்டு பற்றி வாய்திறந்தது 26-ல்தான். அதனால் அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேம் பாஸ்வேர்டு அப்புறம். அதையே மெயிலுக்கும் வைத்திருந்தால் (பலர் வைத்திருப்பார்கள்!) முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் ரீசெட் லிங்க் எல்லாம் அங்கேதானே வருகிறது? இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) கையோடு போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் 'முதலில் படித்த பள்ளி எது' போன்ற கேள்விகளுக்குப் பொய்ப் பதிலே வைக்கலாம், தப்பில்லை. கார்டு சேமித்திருந்தால் சில மாதம் ஸ்டேட்மென்ட்டைக் கவனியுங்கள். "உங்கள் கணக்கைச் சரிசெய்கிறோம்" என்று வரும் மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடவே வேண்டாம்.